கை நனைச்ச வீடு

யாரு உன்ன அந்த வீட்டுல கை நனைக்கச் சொன்னதுன்னு என்னக் கேக்குறீங்களா மேடம்? நல்லா இருக்கு. சோத்துல என்ன கலந்திருந்துச்சுங்கறது உங்களுக்கு விஷயமே இல்ல, அந்தச் சோத்த நான் ஏன் தின்னேங்கறதுதான் விஷயம். ரூல் தெரியும். முதல் நாளே சொன்னீங்க, போற வீட்டுல தண்ணிகூட நம்ம பாட்டில்லேருந்துதான் குடிக்கணும், காபி குடுத்தா சிரிச்சுக்கிட்டே வேணாம்னுடணும்னு. சிரிச்சுக்கிட்டே வேணாம்னு தாரிணிகிட்ட ஒருதரம் சொல்லிப் பாருங்களேன். அவ முதல்ல உங்க பல்லப் பாப்பா. அப்புறம் தட்டப் பாப்பா. அப்புறம் ஒண்ணும் பேசாம எந்திரிச்சுப் போய்க் கதவச் சாத்திக்குவா, மறுநாள் பொழுது சாயற வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படாது. உங்களுக்கு எங்க தெரியப் போகுது, நீங்க அந்த வீட்டுக்கு வந்தது பேனரப் புடிச்சுக்கிட்டு போட்டோ எடுக்க. வாசப்படியோட நின்னீங்க, செருப்பக்கூடக் கழட்டல. நான் தினம் போறேன், தினம் அவ எதிர சம்மணம் போட்டு உக்காறேன், எனக்கு வந்து ரூல் சொல்றீங்க.

இப்படி உமையாள் மேடத்த உள்ளுக்குள்ளயே நிக்க வச்சு உரிச்சுக்கிட்டிருந்தா ஜெசிந்தா. வாயத் தொறக்கல, தொறக்கலன்னுதான் அவ நெனப்பு. மாடிப்படியில நின்னு பேசுன போன் அது, மேடமே படக்குனு வச்சுட்டாங்க, வச்சு எவ்வளவோ நேரமாச்சு, ஆனா பேச்சு நிக்கல. உள்ள ஓடிக்கிட்டே இருக்கு. ஜெசிந்தா ஒண்ணு சொன்னா அந்தப் பக்கத்துலேருந்து ஒண்ணு வருது, இவ நெனக்கிறதுக்கு முன்னாடியே வருது. உறையூர் ஹவுசிங் போர்டு பிளாட், ரெண்டாவது மாடி, உச்சி வெயில். ஜன்னல்ல கட்டுன பழைய பெட்ஷீட் வழியா வெளிச்சம் வந்து வீடே பழுத்த கத்திரிக்கா நெறத்துல கெடந்துச்சு. மோட்டார் போட்டுட்டாங்க போல, மொட்ட மாடி டேங்குல தண்ணி ஏறுற சத்தம் சுவத்துக்குள்ள இருந்து வந்துச்சு, குழாயில வர்ற மாதிரி இல்ல, யாரோ சுவத்துக்கு அந்தப் பக்கம் முணுமுணுன்னு ஜெபமாலை சொல்ற மாதிரி. எதிர தாரிணி. ரெண்டு பேருக்கும் நடுவுல மொசைக் தரையில ஒரே ஒரு எவர்சில்வர் தட்டு. தட்டுல எலுமிச்சம்பழ ரசம் ஊத்திப் பெசஞ்ச சோறு, ஓரத்துல ஒரு சுட்ட அப்பளம். தாரிணி சாப்பிடல, காத்துக்கிட்டிருந்தா. ஜெசிந்தா முதல் வாய் எடுக்கணும், அப்பத்தான் அவ எடுப்பா. இத்தன நாளும் அப்படித்தான். இன்னைக்கு ஜெசிந்தாவுக்குக் கை எந்திரிக்கல.

அவ படிக்கிறது சோஷியல் ஒர்க், காலேஜ்ல பீல்டு ஒர்க்குனு உமையாள் மேடம் நடத்துற டிரஸ்டுக்கு அனுப்பிச்சாங்க, டிரஸ்டு இந்த வீட்டுக்கு அனுப்பிச்சுது. மனசு ரொம்ப உடைஞ்சு போன சின்ன வயசுக்காரங்க இருக்காங்கல்ல, ஆஸ்பத்திரியிலேருந்து வந்துட்டாங்க ஆனா வீட்டுல தனியா விட முடியாது, காலைக் கிளாஸ் முடிஞ்சு போயி சாயங்காலம் வரைக்கும் அவங்களோட கூட இருக்கறதுதான் வேல. பல் தேய்க்க வைக்கணும், குளிக்க வைக்கணும், தெருமுனைக் கடை வரைக்கும் கூட்டிட்டுப் போயி ஒரு சோப்பு வாங்கிட்டு வரணும், அதே பெரிய பிரயாணம். தாரிணிக்கு இவ வயசுதான். பி.காம் பாதியில நின்னது. கிளாஸ்ல பாடம் எடுக்கறவங்க உதடு ஒண்ணு பேசுது, குரல் வேற ஒண்ணு பேசுதுன்னு சொல்லி எந்திரிச்சு வந்தவ, திரும்பிப் போகல. அவ காதுல பேசுற 'அவங்க' டேங்குல இருக்காங்க. மோட்டார் ஓடறப்ப பேசுவாங்க. என்ன பேசுவாங்கன்னு கேட்டா, "உன்னப் பத்தித்தான், அந்த சுருட்டமுடிக்காரி எண்ணெயே வைக்கிறதில்லையான்னு கேக்குறாங்க" அப்படின்னு சொல்லிட்டு வாயப் பொத்திக்கிட்டு சிரிப்பா, அந்தச் சிரிப்பு நல்லா இருக்கும், அதுக்காகவே ஜெசிந்தா பல நாள் அதையே திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கா. ஆனா சாப்பாடுன்னா சிரிப்பு போயிரும். தட்டு முன்னாடி வந்ததும் ஒரு வெரலால விளிம்பத் தட்டி விடுவா. தட்டு அப்படியே மொசைக்குல கிர்ருனு சுத்தும். விஷத்த எந்தப் பக்கம் வச்சாங்கன்னு யாருக்கும் தெரியாமப் போகணுமாம். சுத்தி நின்னதும் உன் பக்கம் இருக்கறத நீ தின்னு, என் பக்கம் இருக்கறத நான் தின்னுறேன், முதல்ல நீ. நடுவுல வெரலால ஒரு கோடு கிழிப்பா. முதல் வாரம் ஜெசிந்தா ரூல்படி நடந்துக்கிட்டா, பொண்ணு சாப்பிடாம கெடந்து சுவத்தச் சுரண்டுனதுதான் மிச்சம். அடுத்த வாரம் ஒரு மத்தியானம் சட்டுனு கையக் கழுவிட்டு வந்து உக்காந்துட்டா. பெருமையா இருந்துச்சு அன்னைக்கு. உமையாள் மேடத்துக்குச் சொல்லல. சொல்லாததுல ஒரு தனி ருசி இருந்துச்சு.

ருசின்னதும் ரசம் ஞாபகம் வந்துருது, ரசம் ஞாபகம் வந்தா நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குது. என்னமா ரசம் வைக்கிறீங்க ஆன்ட்டி, எங்க ஹாஸ்டல்ல ஊத்துறது வெந்நீருன்னு தாரிணியோட அம்மாகிட்ட இவ ஒருநாள் சொன்னா. கோகிலா ஆன்ட்டி சின்னக்கடை வீதியில பாத்திரக் கடையில பில் போடறவங்க, காலையில சமைச்சு மூடி வச்சுட்டு ஓடுறவங்க, அன்னைக்குச் செருப்பு மாட்டிக்கிட்டே நின்னவங்க மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு, "நீ எப்ப குடிச்ச?"ன்னாங்க. தாரிணிக்கு ஊட்டறப்ப ஒரு சொட்டு வாயில வச்சுப் பாத்தேன்னு இவ பொய் சொன்னா. புளிக்குப் பதிலா எலுமிச்சம்பழம், அதுவும் ஒரு பழம் கூட, அவ்வளவுதாம்மான்னு அவங்க பொய் சொன்னாங்க. ரெண்டு பொய்யும் வாசல்ல ஒண்ண ஒண்ணு பாத்துச் சிரிச்சுக்கிட்டுப் பிரிஞ்சு போச்சு. அதுக்கு அப்புறம்தான் பஸ்ஸுல தூங்க ஆரம்பிச்சா. சத்திரம் பஸ் ஸ்டாண்டுல எறங்க வேண்டியவ டெப்போ வரைக்கும் போயிட்டா. கிளாஸ்ல கழுத்து ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு, யாரோ பின்னாடி நின்னு ரெண்டு கையால தலைய மெதுவா திருப்புற மாதிரி, திரும்பிப் பாத்தா செவுரு. கால் ஒரு எடத்துல நிக்கல. ராத்திரி படுத்தா கால் மட்டும் எந்திரிச்சு எங்கயோ கெளம்புது. ரூம்மேட் ஷமீமா விடுவாளா, "என்னடி, உங்க கேஸ்காரிக்கு வந்தது உனக்கும் ஒட்டிக்கிச்சா"ன்னா, வெளையாட்டுக்குத்தான் சொன்னா. ஜெசிந்தா அவள நாய் மாதிரி கடிச்சு வச்சா, படிச்சவளாடி நீ, மனநோய் என்ன சொறியா சிரங்கா ஒட்டறதுக்குன்னு முழு வராண்டாவும் கேக்க ஒரு பிரசங்கம். பிரசங்கத்த முடிச்சுட்டு பாத்ரூம்ல போயி நின்னுக்கிட்டுக் கண்ணாடியில தன் கண்ணையே ரொம்ப நேரம் பாத்தா. இது என் கண்ணுதானா. பாக்குறது நான்தானா. தாரிணியும் இப்படித்தான் ஆரம்பிச்சேன்னு சொல்லியிருந்தா, கண்ணாடியில.

அப்புறம் பீரியட்ஸ் வரல. தள்ளிப்போச்சு, தள்ளிப்போச்சு, வரவே இல்ல. ஷமீமாவுக்குக் கொண்டாட்டம், யாருடி அந்த மகராசன்னு கேட்டுக் கேட்டுச் சிரிச்சா. ஒரு மகராசனும் இல்ல, மாதாவுக்கே வெளிச்சம். முந்தாநாள் துணி துவைக்கிறப்பதான் பாத்தா, உள்ளாடையில கஞ்சித் தண்ணி காஞ்ச மாதிரி ரெண்டு வட்டம். விரலால தொட்டுப் பாத்தா. மாரை லேசா அழுத்துனா. வந்துச்சு. வெள்ளையா, ஒரு துளி, யாருக்குன்னு தெரியாத பால். வாளித் தண்ணியில அவ முகம் தெரிஞ்சுது, அது அசையவே இல்ல, இவ நடுங்குறா, அது நடுங்கல. அந்த எடத்துல அவளுக்கு ஞாபகம் வந்தது டாக்டரோ அம்மாவோ இல்ல, தாரிணி. தாரிணி இதையேதான் சொன்னா. எனக்குள்ள ஒரு ஆளு இருக்கு ஜெசி, யாரும் தொடாமலே வச்சுட்டாங்க, டேங்கு வழியா வச்சுட்டாங்க, தூரம் நின்னுபோச்சு, பால் கட்டுதுன்னு, சட்டையப் புடிச்சு இழுத்துக் காட்ட வந்தா. ஜெசிந்தா பாக்கல. பாக்கல மேடம். நீங்க கத்துக்குடுத்த வித்தைய எடுத்து விட்டேன், இல்லன்னும் சொல்லாத, ஆமான்னும் சொல்லாத, உனக்கு அப்படித் தோணுது தாரிணி, எனக்கு அப்படித் தெரியல. குரல மென்மையா வச்சுக்கிட்டு. மயிலிறகால தடவுற மாதிரி. சோத்துல என்னமோ இருக்கு ஜெசின்னு அவ கெஞ்சுனப்பவும் அதே இறகு, உனக்கு அப்படித் தோணுது, எனக்கு அப்படித் தெரியல, பாரு நானே சாப்பிடுறேன். நானே சாப்பிடுறேன். நீங்க அத பைலுல எழுதி வச்சீங்க, கர்ப்பமா இருக்கற மாதிரி பிரமை, உணவுல விஷம்னு பிரமைன்னு. பிரமை அதிகமாகுதுன்னு அடுத்த தடவ டாக்டர்கிட்ட சொல்லி ஏத்துனீங்க. எத ஏத்துனீங்க மேடம்? அத எனக்குச் சொன்னீங்களா?

இன்னைக்குக் காலையில ரெண்டு கிளாஸ் இல்லன்னு சீக்கிரமா வந்துட்டா, அதுதான் வினை. கதவு தொறந்திருந்துச்சு. கோகிலா ஆன்ட்டி அடுப்பு மேடையில முதுகக் காட்டிக்கிட்டு நின்னாங்க, வாய்க்குள்ள என்னமோ எண்ணிக்கிட்டிருந்தாங்க, ஒவ்வொரு எண்ணுக்கும் தோள் லேசா ஏறி எறங்குது. சாமி கும்புடறாங்கன்னுதான் நெனச்சா. கிட்டப் போனா கையில சொட்டு விடற குழாய், கீழ ரசக் கிண்ணம். தண்ணி மாதிரி நெறமே இல்லாத மருந்து, உள்ள விழுந்ததும் இருந்த எடம் தெரியல. பாட்டில மறைக்கக்கூட அவங்களுக்குத் தோணல. "உனக்குத் தெரியும்தானேம்மா, இதுக்குள்ள மேடம் சொல்லியிருப்பாங்கல்ல"ன்னாங்க. அந்த வெள்ளந்தியான மூஞ்சிய என்ன செய்யறது? அறையவா முடியும்? மாத்திரை குடுத்தா நாக்குக்கடியில வச்சுத் துப்பிடுவாம்மா, தொட்டியில பொதச்சு வச்சிருந்தா, துளசி பட்டுப்போச்சு, ஒருநாள் ஜன்னல் வழியா சன்ஷேடுல எறங்கிப் போயி உக்காந்திருக்கா, கீழ மொத்த பிளாக்கும் அண்ணாந்து பாக்குது, ஒருத்தன் செல்லுல படம் புடிக்கிறான், எறங்கச் சொல்லி நான் கத்துறேன், என் மக என்னப் பாத்து யாரும்மா நீங்கங்குறா. அதுக்கப்புறம் டாக்டர் இத எழுதுனாரு. உங்க மேடம்தான் சொன்னாங்க, புளிப்பா இருக்கறதுல விடுங்க, கசப்பு தெரியாதுன்னு. விட்டப்புறம் சன்ஷேடுக்குப் போகல, பேர் சொல்லிக் கூப்புட்டா திரும்பிப் பாக்குறா, எனக்கு அது போதும்மா. சொல்லிக்கிட்டே வந்தவங்க ஜெசிந்தா மூஞ்சியப் பாத்து நின்னுட்டாங்க. "என்னம்மா, ஏன் அப்படி நிக்கிற?" இவ சொன்னா. தெனம் சேந்து சாப்பிடறத, பாதி அவளுக்குப் பாதி எனக்குங்கறத. ஆன்ட்டி அப்படியே மேடையப் புடிச்சுக்கிட்டாங்க. "தட்டு காலியா இருக்கறதப் பாத்து முழுசா அவதான் தின்னுட்டான்னு தெனம் மாரியாத்தாவுக்கு வெளக்கு ஏத்துனேனே. பாதிதான் போயிருக்கா அவளுக்கு? அதான் பத்தலையா? அதான் மருந்தோட அளவ ஏத்துனாங்களா?" அப்புறம் அழுதாங்க, அழுதுக்கிட்டே பில்லு போடப் போற நேரம் ஆயிருச்சுன்னு பொட்டு சரி பண்ணுனாங்க. கெளம்புறப்ப இவ கையப் புடிச்சுக்கிட்டு, "இன்னைக்கும் விட்டாச்சும்மா. நீ வாயில வைக்காத, பாவம் உனக்கு எதுக்கு, அவளுக்கு மட்டும் எப்படியாவது ஊட்டிரு. சொல்லிராத ஜெசி. சொன்னா இந்த ஜென்மத்துக்கும் என் கையால தண்ணி வாங்க மாட்டா. நீ பரிட்சை எழுதிட்டுப் போயிருவ, நான்தான் இங்க இருக்கணும்"னாங்க. படியில எறங்குற செருப்புச் சத்தம் கீழ வரைக்கும் கேட்டுச்சு. ஜெசிந்தா பாட்டில்ல போட்டிருந்த மருந்து பேர செல்லுல அடிச்சுப் பாத்தா. தூக்கம், கழுத்து இழுக்கறது, கால் நிக்காம தவிக்கிறது, மாதவிடாய் நின்னு போறது, பால் சுரக்கறது. ஒண்ணுகூட விடல. அவளயும் தாரிணியயும் பக்கத்துல நிக்க வச்சு எழுதுன மாதிரி இருந்துச்சு. அப்பாடான்னு இருந்திருக்கணும், எனக்கு ஒண்ணும் இல்ல, மருந்துதான்னு. இருந்துச்சு, ஒரு மூச்சு விடற நேரம். அடுத்த மூச்சுல, அப்ப அவ சொன்னதெல்லாம் நெசம்னு ஒண்ணு வந்து நெஞ்சுல உக்காந்துக்கிச்சு. அதுக்கப்புறம்தான் மாடிப்படியில நின்னு மேடத்துக்குப் போன்.

இப்ப தட்டு. சோறு ஆறிப்போயி மேல ஒரு படலம் கட்டிருச்சு. சொல்லலாம், சொன்னா என்ன ஆகும், எந்திரிப்பா, ஜன்னலப் பாப்பா, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சன்ஷேடு. சொல்லாம இருக்கலாம், நம்மளும் ஒரு வாய் தின்னுட்டு, ஒரு வாய்தானே, இத்தன நாள் தின்னதுக்கு இன்னொரு வாய், அவளும் தின்னுவா, ஆன்ட்டி வெளக்கேத்துவாங்க, மேடம் பைலுல நல்லா எழுதுவாங்க, நான் பாஸாயிருவேன், அவ மட்டும் தன் புத்தியே தனக்குப் பொய் சொல்லுதுன்னு நம்பிக்கிட்டே வாழ்ந்து முடிப்பா. இல்லன்னா வாய்க்குள்ள வச்சுட்டு பாத்ரூம் போயித் துப்பலாம். நாக்குக்கடியில வச்சு. அட, அது அவ வித்தையில்ல? இதுதான் உங்க டிரஸ்டு கத்துக்குடுக்கற வேலையா மேடம், நோயாளிகிட்டேருந்து துப்பக் கத்துக்கறதா? மருந்து தப்புன்னு நான் சொல்லவே இல்ல, வாய்ல வார்த்தையத் திணிக்காதீங்க, மருந்து இல்லாட்டி அவ சன்ஷேடுலேருந்து விழுந்திருப்பா, எனக்கும் தெரியும், நானும் படிச்சிருக்கேன். அவளுக்குத் தெரியாமன்னுதான் சொல்றேன். ஒரு அவசரத்துக்கு ஒருநாள் ரெண்டு நாள்னா சரி, மாசக்கணக்கா, அதுவும் அவ கண்டுபுடிச்சுச் சொல்றப்ப நோய்னு எழுதி வச்சுக்கிட்டு. என்ன ஏன் கேக்குறீங்க, நீங்க சொல்லுங்க. இப்ப சொல்லுங்க. டேங்குல தண்ணி நெறஞ்சிருச்சு போல, சத்தம் மாறிச்சு, வழியுற சத்தம், அதுக்குள்ள மேடம் குரல் வந்து உக்காந்துக்கிச்சு, அதே இழுவை, அதே ஏத்தம், வார்த்தை மட்டும் புரியல. ஜெசிந்தா தலைய ஆட்டுனா. போகல. இந்த மருந்து குரலக் குறைக்கிற மருந்தாச்சே, அப்ப இது எங்கேருந்து வருது? இது யாரோடது?

"யாருகூடப் பேசுற?"

தாரிணி இவ்வளவு நேரமும் தட்டப் பாக்கலங்கறது அப்பத்தான் இவளுக்கு உறைச்சுது. இவ உதட்டப் பாத்துக்கிட்டிருந்திருக்கா. கண்ண இமைக்காம, ரொம்ப நாளா தெரிஞ்ச ஒண்ண ரொம்ப நாள் கழிச்சு வேற வீட்டுல பாக்கற மாதிரி.

"யாருகூடவும் இல்லையே."

"பொய். கையெல்லாம் ஆட்டுன. ஆம்பளயா பொம்பளயா?" தாரிணி முன்னாடி நகந்து வந்தா, குரலத் தாழ்த்துனா, சுவத்துக்குக் கேக்கக் கூடாதுங்கற மாதிரி. "திட்டுறாங்களா? எதிர்த்துப் பேசாத ஜெசி. பேசுனா நிறையப் பேர் வந்துருவாங்க. முதல்ல ஒருத்தர்தான் இருந்தாங்க எனக்கும்." அப்புறம் ஜெசிந்தாவோட முட்டியில ஈரமில்லாத தன் கைய வச்சா. வச்சுட்டு, ஜெசிந்தாவோட குரல்லயே சொன்னா, அதே மென்மை, அதே மயிலிறகு, எங்க நிறுத்தணுமோ அங்க நிறுத்தி: "உனக்கு அப்படிக் கேக்குது. எனக்குக் கேக்கல. சரியா?"

நக்கல் பண்றாளான்னு ஜெசிந்தா பாத்தா, இல்ல, நெசமாவே தேத்துறா. இப்படித்தான் இருக்குமா அது, இந்தப் பக்கம் உக்காந்து கேட்டா? யாரோ கெணத்துக்கு மேல நின்னுக்கிட்டு, நீ கெணத்துக்குள்ள இருக்கேன்னு உனக்குத் தோணுதும்மான்னு சொல்ற மாதிரி, அன்பா, மூடிய இழுத்து மூடிக்கிட்டே. இதையா தெனம் குடுத்தேன் இவளுக்கு. எம்புட்டு ஒழுங்கா, மார்க் வாங்குற மாதிரி. சோறு எலுமிச்சம்பழ வாசம் அடிச்சுது, வாயில எச்சி ஊறுச்சு, அந்த எச்சி மேலயே அவளுக்கு ஆத்திரம் வந்துச்சு. தட்ட எடுத்துத் தன் பக்கத்துல தள்ளி வச்சா. வார்த்தை தானா வந்துச்சு, யோசிச்சு வரல, யோசிச்சிருந்தா வந்திருக்காது.

"தாரிணி, இதுல மருந்து இருக்கு. ரசத்துல. உனக்கு எழுதுன மருந்துதான், விஷமில்ல. தெனம் இருந்துச்சு. எனக்கு இன்னைக்குக் காலையிலதான் தெரியும். எனக்கும் பால் வருதுடி. உனக்குள்ள யாரும் இல்ல, மருந்து பண்ற வேல அது, எனக்குள்ளயும் யாரும் இல்ல. நீ சொன்னது நெசம். நான் சொன்னதுதான் பொய்."

ஒண்ணும் நடக்கல. அதுதான் பயமா இருந்துச்சு. தாரிணி எந்திரிக்கல, கத்தல, ஜன்னலப் பாக்கல. டேங்கு வழியறது நின்னுபோச்சு, யாரோ மோட்டார அமத்திட்டாங்க, வீட்டுக்குள்ள இத்தன நேரமும் ஒரு சத்தம் இருந்துச்சுங்கறதே அது நின்னப்பறம்தான் தெரிஞ்சுது. தாரிணி தலையச் சாச்சு அந்த அமைதியக் கேட்டா. கேட்டுட்டு, சாதாரணமா, கடைக்குப் போயிட்டு வந்து சோப்பு இல்லன்னு சொல்ற மாதிரி சொன்னா:

"அவங்க சொன்னாங்க. முதல் நாள்லேருந்தே சொல்லிட்டே இருந்தாங்க, ரசத்துலதான்னு. நான்தான் நம்பல. ஜெசி சாப்பிடுறா, ஜெசி பொய் சொல்ல மாட்டான்னு சொல்லி அவங்ககூட தெனம் சண்ட போட்டேன். உனக்காக. எவ்வளவு பேசுனாங்க தெரியுமா என்ன? பைத்தியம், உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு. இப்ப நான் அவங்களுக்கு என்ன பதில் சொல்றது? நீயே சொல்லு."

உலகத்துல எதுக்கும் எதிர்ப்பேச்சு வச்சிருக்கறவ, வார்டனயே கண்ணுல தண்ணி விட வச்சவ, ஜெசிந்தா, அந்த ஜன்னலப் பாத்தா. இவ டேங்குல இருக்கற ஆளுங்க நெசத்தச் சொல்லியிருக்காங்க, டிரஸ்டுல இருக்கற ஆளுங்க பொய் சொல்லியிருக்காங்க, நாளைக்கு இவ யாரு பேச்சக் கேப்பா? சன்ஷேடுல வந்து உக்காருன்னு டேங்கு கூப்புட்டா, போகாதன்னு சொல்ல இனிமே யாருக்கு வாய் இருக்கு? எனக்கா? என் பேச்சு செத்துப்போச்சு இந்த வீட்டுல, இப்பத்தான், இந்தத் தட்டுக்கு முன்னாடி. அம்மா பேச்சு எப்பவோ. இந்த ஒண்ண யாராவது வந்து சரி பண்ணியாகணும், நெசத்த நெசம்னு சொல்லியாகணும், நான் இல்ல, நான் சின்னப் பொண்ணு, எழுதி வச்சவங்க சொல்லணும், பிரமைன்னு கையெழுத்துப் போட்டவங்க. அப்பத்தான் இவளுக்கு டேங்குக்கு வெளியிலயும் நெசம் பேசுற ஆளு இருக்குன்னு தெரியும். தனியா போன்ல சொல்லிட்டு வச்சுடற நெசம் வேணாம். நாலு பேருக்கு முன்னாடி சொல்லணும்.

"மருந்து வேணாமா உனக்கு?"ன்னு ஜெசிந்தா கேட்டா.

"தெரியல. கேட்டா யோசிப்பேன்." தாரிணி நகத்தக் கடிச்சா. "யாராச்சும் என்னக் கேட்டாத்தானே யோசிக்கறதுக்கு. என் கையில குடுங்க, இது இதுன்னு சொல்லிக் குடுங்க. சோத்துல வேணாம். எனக்குச் சோறு புடிக்கும்."

டிரஸ்டுக்குன்னு ஒரு வாட்சப் குரூப் இருக்கு, மேடம் அதுல தெனம் காலையில பூ படம் போட்டு வாழ்க வளமுடன்னு அனுப்புவாங்க. டாக்டர் இருக்காரு, ஜெசிந்தாவோட கிளாஸே இருக்கு, இந்த மாதிரி புள்ளைங்க வச்சிருக்கற அத்தன அம்மா அப்பாவும் இருக்காங்க, கோகிலா ஆன்ட்டியும் இருக்காங்க, பாத்திரக் கடையில பில்லுக்கு நடுவுல செல்ல எடுத்துப் பாக்கறவங்க. ஜெசிந்தா அதத் தொறந்தா.

"உன் பேரச் சொல்லலாமா?"

"சொல்லு. அம்மாவத் திட்டாத. அவங்களுக்குக் காலையில தலைவலி."

மைக் படத்த அழுத்திப் புடிச்சா. சிவப்பு வெளிச்சம் வந்துச்சு. அந்தப் பக்கத்துல உமையாள் மேடம் இல்ல, யாரும் இல்ல, வெறும் அமைதி, ஆனா இந்தத் தடவ அந்த அமைதிக்குக் காது இருந்துச்சு.

"உமையாள் மேடம், நான் ஜெசிந்தா. உறையூர்ல தாரிணி வீட்டுலேருந்து பேசுறேன், பக்கத்துல தாரிணி உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கா. நான் ரூல மீறி இங்க சாப்பிட்டேன், அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க, பெயில் போடுங்க, வாங்கிக்கிறேன். கோகிலா ஆன்ட்டி மேல ஒரு தப்பும் இல்ல, நீங்க சொன்னத அவங்க செஞ்சாங்க. நான் கேக்கறது உங்கள. இந்தப் பொண்ணு சோத்துல என்னமோ இருக்குன்னு சொன்னப்ப, அதுல இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டேதான பிரமைன்னு எழுதுனீங்க? பால் வருதுன்னு சொன்னப்ப, அவ சட்டைய ஒருதரமாவது பாத்தீங்களா, பாக்கச் சொன்னீங்களா? டாக்டர் சார், உங்களுக்கு அது தெரியுமா, இல்ல பிரமைன்னு படிச்சுட்டு ஏத்திட்டீங்களா? இன்னும் எத்தன வீட்டுல ரசம் புளிக்குது மேடம்? என்னத் தனியா கூப்புடாதீங்க, நான் எடுக்க மாட்டேன். இந்த மெசேஜ அழிக்காதீங்க, அழிச்சா மறுபடி போடுவேன். இங்கயே, இத்தன அம்மா அப்பா கேக்க, உங்க சொந்தக் குரல்ல சொல்லுங்க. எனக்கு வேணாம். தாரிணின்னு பேரச் சொல்லிக் கூப்புட்டு, அவளுக்குப் பதில் சொல்லுங்க."